எல்இஎல் ஜீரோ என்றால் உள்ளே இறங்கலாமா?

கேள்வி: சார், கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி டிரெய்னியாக இருக்கிறேன். டிப்ளமோ படித்தேன், பள்ளி முழுக்கத் தமிழ் மீடியம். எம்எஸ்டிஎஸ் (கெமிக்கலோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாள்) எடுத்தால் ஃபிளாஷ் பாயிண்ட், ஃபயர் பாயிண்ட், ஆட்டோ இக்னிஷன் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள், கம்பஸ்டிபிள் என்று மூன்று. ஹசார்டு, ரிஸ்க் இரண்டுக்குமே நாங்கள் ஆபத்து என்றுதான் போர்டு எழுதுகிறோம். போன வாரம் டொலுவீன் என்ற சால்வென்ட் இருந்த டேங்கைக் காலி செய்து, கழுவி, மீட்டர் விட்டுப் பார்த்தோம். எல்இஎல் ஜீரோ காட்டியது. காண்ட்ராக்ட் அண்ணன் ஒருவர் இறங்கினார், கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது என்று ஏறி வந்துவிட்டார். சீனியர், டிஎல்வி தாண்டியிருக்கும் என்றார். ஜீரோ என்றால் ஜீரோதானே சார்? இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்தால் இந்தக் குழப்பம் போகுமா?
வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, இங்கிலீஷ் கிளாஸை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த டேங்க்.

உங்கள் சீனியர் சொன்னது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மீட்டரும் கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. எல்இஎல் என்பது ஒரு ஆவி காற்றில் குறைந்தது எத்தனை சதவீதம் கலந்தால் தீப்பொறி பட்டதும் பற்றும் என்கிற அளவு. டொலுவீனுக்கு அது ஏறக்குறைய 1.1 சதவீதம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சதவீதம் என்பது 10,000 பிபிஎம், ஆக 11,000 பிபிஎம் சேர்ந்தால்தான் டொலுவீன் ஆவி பற்றும். மீட்டர் காட்டுவது அந்த 11,000-இல் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை. திரையில் 1 என்று வந்தால் உள்ளே 110 பிபிஎம் இருக்கிறது என்று பொருள். முழு எண்ணாக மட்டும் காட்டும் மீட்டரில் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஜீரோ. சில மீட்டர்கள் 1, 2-ஐக்கூடக் காட்டாமல் ஜீரோவிலேயே நிறுத்தி வைக்கும், எண் ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக.

இப்போது டிஎல்விக்கு வாருங்கள். தினம் எட்டு மணி நேரம், வாரம் நாற்பது மணி நேரம் என்று வருஷக்கணக்கில் சுவாசித்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் வராது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் அமைப்பு பரிந்துரைக்கும் சராசரி அளவு அது. டொலுவீனுக்கு 20 பிபிஎம். ஒரு பக்கம் 20, இன்னொரு பக்கம் 11,000. உங்கள் டேங்கில் 100 பிபிஎம் இருந்திருந்தால் டிஎல்வியைப் போல ஐந்து மடங்கு, ஆனால் மீட்டரில் ஜீரோ. 200 பிபிஎம் இருந்தால் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும், அப்போதும் மீட்டர் 2-ஐத் தாண்டியிருக்காது.

இன்னும் ஒரு எண் பாருங்கள். ஐடிஎல்எச், அதாவது உடனே வெளியே வராவிட்டால் உயிருக்கோ உடலுக்கோ நிரந்தரக் கேடு என்கிற எல்லை, டொலுவீனுக்கு 500 பிபிஎம். எல்இஎல் கணக்கில் அது நான்கரை. நம் ஊரில் பல பிளாண்டுகளில் மீட்டரின் முதல் அலாரத்தை 10-இல் வைத்திருக்கிறார்கள், அது 1,100 பிபிஎம். அலாரம் அடிக்கும்போது உள்ளே இருப்பவர் ஐடிஎல்எச்சைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே நின்றுகொண்டிருப்பார். இதைச் சொல்லிக் கொடுக்காமலே, ஆளை உள்ளே இறக்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்துப் போடவிடுகிறார்களே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த மீட்டரிடம் நீங்கள் கேட்டது "வெடிக்குமா?" என்று. அது "வெடிக்காது" என்றது. மூச்சு விடலாமா என்று கேட்க வேண்டிய கருவி வேறு. புற ஊதா விளக்கால் ஆவியை அளந்து பிபிஎம் கணக்கில் காட்டும் பிஐடி மீட்டர் வேண்டும், இல்லையென்றால் அந்தந்த வாயுவுக்கான கண்ணாடிக் குழாயை உறிஞ்சு பம்பில் மாட்டி நிற மாற்றத்தைப் பார்க்க வேண்டும். பிஐடியிலும் ஒரு எச்சரிக்கை: 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு போட்ட சாதாரண பிஐடிக்கு மெத்தனால் கண்ணிலேயே படாது. மெத்தனாலின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எல்இஎல் 6 சதவீதம், டிஎல்வி 200, ஐடிஎல்எச் 6,000. மீட்டர் 10 என்று அலாரம் அடிக்கும் இடமும் ஐடிஎல்எச்சும் ஒரே புள்ளி.

இந்த இடைவெளி எவ்வளவு தூரம் போகும் என்றால், போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்கு எல்இஎல் 5 சதவீதத்துக்குச் சற்று மேலே, அதாவது 50,000 பிபிஎம்முக்கும் அதிகம். டிஎல்வியோ 0.02. அந்த ராத்திரி ஊருக்குள் எல்இஎல் மீட்டரோடு ஒருவர் நடந்திருந்தால் அது கடைசிவரை ஜீரோவே காட்டியிருக்கும்.

அப்புறம், ஜீரோவை நம்பக் கூடாததற்கு இன்னும் மூன்று காரணங்கள் உண்டு. உங்கள் மீட்டரை பெரும்பாலும் மீத்தேன் வைத்துத்தான் அளவு சரிபார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட மீட்டர் டொலுவீன் ஆவியைக் குறைத்தே காட்டும், நிஜத்தில் இருப்பதில் பாதி அளவுக்குக்கூட இறங்கிவிடும். இரண்டாவது, அதன் உள்ளே இருக்கும் சென்சார் ஆவியை எரித்துத்தான் அளக்கிறது, எரிய ஆக்சிஜன் வேண்டும். டேங்குக்கு நைட்ரஜன் விட்டிருந்தால் மீட்டர் சமர்த்தாக ஜீரோ காட்டும், இறங்கும் ஆள் இரண்டு மூச்சில் விழுவார். அதனால்தான் முதலில் ஆக்சிஜன், அடுத்து எல்இஎல், கடைசியில் நச்சு வாயு என்று வரிசை வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் 20.9 இருக்க வேண்டும், 19.5-க்குக் கீழே போனால் யாரும் இறங்கக் கூடாது. நைட்ரஜன் விட்டு இனர்ட் பண்ணியாச்சு என்பதையும் காற்று விட்டு வென்டிலேட் பண்ணியாச்சு என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு ஆட்களைப் பறிகொடுத்த இடங்கள் உலகம் முழுக்க உண்டு. முதலாவது தீப்பிடிக்காமல் இருக்கச் செய்வது, இரண்டாவதுதான் மனுஷன் உள்ளே போவதற்காகச் செய்வது. மூன்றாவது, டொலுவீன் ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம். மேன்ஹோல் வாயில் மீட்டரைக் காட்டிவிட்டு ஜீரோ என்று எழுதினால் அது மேன்ஹோல் வாயின் ஜீரோ. குழாயை விட்டு மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். கழுவிய டேங்க் என்றால் அடியில் கசடு கிடக்கும், அதில் கால் வைத்துக் கிளறினால் புதிதாக ஆவி கிளம்பும். இறங்கும் முன் எடுத்த அளவு அதற்கப்புறம் செல்லாது, உள்ளே வேலை நடக்கும்போதும் மீட்டர் ஓட வேண்டும்.

டிஎல்வி என்று மொட்டையாகச் சொன்னால் எட்டு மணி நேரச் சராசரி. ஸ்டெல் என்றால் பதினைந்து நிமிடத்துக்கான வரம்பு. சீலிங் என்றால் ஒரு நொடிகூடத் தாண்டக் கூடாதது. பெல் என்பது அமெரிக்க அரசின் சட்டப்படியான வரம்பு, டொலுவீனுக்கு அது இன்னும் 200-லேயே நிற்கிறது. நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் 100 என்று இருந்தது. ஆக ஒரே பொருளுக்கு 20, 100, 200 என்று மூன்று எண் உங்கள் கண்ணில் படும். மூன்றும் அச்சுப்பிழை அல்ல, யார் எப்போது வகுத்தது என்பதில்தான் வித்தியாசம். யாராவது "லிமிட் தாண்டலை" என்று சொன்னால், யாருடைய லிமிட், எத்தனை நிமிடத்துக்கான லிமிட் என்று கேளுங்கள். நான் எப்போதும் இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் பெர்மிட்டில் எழுதச் சொல்வேன். கம்பெனிக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், பரவாயில்லை.

இனி அந்த மூன்று வெப்பநிலைகள். ஃபிளாஷ் பாயிண்ட் என்பது, திரவத்தின் மேலே எல்இஎல் அளவுக்கு ஆவி சேரும் வெப்பநிலை. அங்கே நெருப்பைக் காட்டினால் பக்கென்று ஒரு ஜுவாலை ஓடி அணைந்துவிடும். இப்படிப் பார்த்தால் எல்இஎல்லும் ஃபிளாஷ் பாயிண்டும் ஒரே சங்கதிதான், ஒன்று சதவீதத்தில் சொல்கிறது, மற்றது டிகிரியில். ஃபயர் பாயிண்ட் அதைவிடச் சில டிகிரி மேலே: பற்றிய தீ அணையாமல் குறைந்தது ஐந்து விநாடி நிற்கும் வெப்பநிலை. எண்ணெய், தார், தெர்மிக் ஃபுளூயிட் போன்ற கனமான சரக்குகளுக்குத்தான் இதைப் பார்ப்பார்கள், சால்வென்ட் பிளாண்டில் நீங்கள் இதை மறந்தே விடலாம். ஆனால் ஃபிளாஷ் பாயிண்ட் பக்கத்தில், சோதித்தது மூடிய கப்பிலா, திறந்த கப்பிலா என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மூடிய கப்பில் ஆவி தப்பாது, அதனால் எண் குறைவாக வரும். இரண்டு சப்ளையர்களின் எம்எஸ்டிஎஸ்ஸில் ஒரே பொருளுக்கு வேறு வேறு எண் இருந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் வர வேண்டும்.

ஆட்டோ இக்னிஷன் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத சமாச்சாரம். தீப்பொறி, ஜுவாலை எதுவுமே இல்லாமல், சூட்டினால் மட்டுமே தானாகப் பற்றும் வெப்பநிலை. ஃபிளாஷ் பாயிண்ட் குறைவாக இருந்தால் இதுவும் குறைவாக இருக்கும் என்று நினைப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெட்ரோலின் ஃபிளாஷ் பாயிண்ட் மைனஸ் 40 வாக்கில், டீசலுக்கு அது அறை வெப்பத்துக்கும் மேலே. ஆனால் தானாகப் பற்றுவதில் டீசல்தான் முந்திக்கொள்ளும், 210 டிகிரி சுமாருக்கே பற்றும், பெட்ரோலுக்கு 250-ஐத் தாண்ட வேண்டும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே வண்டி ஓடுவது இதனால்தான். உங்கள் பிளாண்டுக்கு வாருங்கள். ஆறு கிலோ பிரஷரில் ஸ்டீம் ஓடும் லைன் ஏறக்குறைய 160 டிகிரியில் இருக்கும். அதன் இன்சுலேஷன் பிய்ந்த இடத்தில் டொலுவீன் சொட்டினால் அந்தச் சூட்டால் மட்டும் பற்றாது, அதற்கு 480 டிகிரி வேண்டும். அதே இடத்தில் கார்பன் டைசல்ஃபைடு சொட்டினால்? அதன் ஆட்டோ இக்னிஷன் வெறும் 90 டிகிரி. பொறியே வேண்டாம், பைப்பே போதும். ஆகவே வெல்டிங், கிரைண்டிங் என்று ஹாட் ஒர்க் பெர்மிட் வந்தால் ஃபிளாஷ் பாயிண்டைப் பாருங்கள். ஸ்டீம் லைன், ஹீட்டர், சூடான ஜாக்கெட் என்று வந்தால் ஆட்டோ இக்னிஷனைப் பாருங்கள்.

ஃபிளாஷ் பாயிண்டில் நம் ஊருக்கென்று ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதை எந்த எம்எஸ்டிஎஸ்ஸும் சொல்லாது. சைலீனை எடுத்துக்கொள்ளுங்கள். டொலுவீனின் ஃபிளாஷ் பாயிண்ட் 4 டிகிரி, சைலீனுக்கு 27 சுற்றி. 23 டிகிரியில் ஒரு கோடு கிழித்து வகைப்படுத்துவதால் டொலுவீன் இரண்டாம் வகை, சைலீன் மூன்றாம் வகை. மூன்றாம் வகை என்றதும் ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது, டிரம்மை ஷெட்டுக்கு வெளியே வெயிலில் அடுக்கிவிடுகிறார்கள். ஜெர்மனியில் ஒரு குடோனில் ஜனவரி மாதம் அந்தத் தைரியத்துக்கு அர்த்தம் உண்டு, பத்து டிகிரி குளிரில் சைலீனுக்கு மேலே பற்றும் அளவுக்கு ஆவியே சேராது. உங்கள் சிப்காட் பக்கத்துக் குடிகாட்டில் கத்திரி வெயிலில் தகர டிரம்மின் தலையைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. நம்மிடம் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பகல் நேரத்தில் சைலீன் தன் ஃபிளாஷ் பாயிண்டுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. எண்ணைப் படிக்கும்போது பக்கத்தில் நம் ஊர் வெப்பத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், நாற்பது என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஃபிளேமபிளும் இன்ஃபிளேமபிளும் ஒன்றேதான், இரண்டுமே எளிதில் தீப்பற்றும் என்றுதான் சொல்கின்றன. விலை குறைவு என்று நம்மவர்கள் பெட்ரோல் போடப் போகும், புதுச்சேரி எல்லையில் உள்ள கன்னியக்கோயில் பெட்ரோல் பங்க்குகளில் டேங்கர் லாரி வந்து நின்றால் அதன் முதுகைப் பாருங்கள், 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருக்கும். பற்றாது என்று அதற்கு அர்த்தம் என்றால் அப்படி எழுதிக்கொண்டு ஏன் அலைகிறது! முன்னால் 'இன்' வந்தால் எதிர்ப்பதம் என்று பள்ளியில் படித்த பழக்கம் இழுக்கும், இங்கே அது செல்லாது. பற்றாதது நான்ஃபிளேமபிள். புதிதாக எழுதும் போர்டுகளில் இன்ஃபிளேமபிள் என்று எழுதவே எழுதாதீர்கள், இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ளவர்களே தடுமாறிய சொல் அது.

கம்பஸ்டிபிள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எரியக்கூடியது, ஆனால் லேசில் பற்றாதது. பழைய அமெரிக்கப் புத்தகங்களில் ஃபிளாஷ் பாயிண்ட் 37.8 டிகிரிக்குக் கீழே என்றால் ஃபிளேமபிள், மேலே என்றால் கம்பஸ்டிபிள் என்று பிரித்திருப்பார்கள். நம் பெட்ரோலியம் சட்டத்தில் அந்தச் சொற்களே வேண்டாம் என்று ஏ, பி, சி என்று வைத்துவிட்டார்கள்: 23-க்குக் கீழே ஏ, 23 முதல் 65 வரை பி, 65 முதல் 93 வரை சி. பெட்ரோல் ஏ, டீசல் பி. ஆடிட்டர் கேட்டால் எந்தச் சட்டத்தின்படி கேட்கிறீர்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம், அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஹசார்டு, ரிஸ்க்: சைலீன் டிரம்மின் ஹசார்டு அது குளிர்ந்த ஷெட்டில் மூடி இறுகி நின்றாலும் அதேதான், வெல்டிங் நடக்கும் இடத்தில் மூடி திறந்து நின்றாலும் அதேதான். அது பொருளின் குணம். ரிஸ்க், அந்தக் குணம் நம்மிடம் வேலையைக் காட்ட எவ்வளவு வாய்ப்பு, காட்டினால் எவ்வளவு சேதம் என்பது. டிரம்மை நகர்த்தினால் ரிஸ்க் மாறும், ஹசார்டு மாறாது. போர்டில் இரண்டுக்கும் ஆபத்து என்றே எழுதுங்கள், அதில் தப்பில்லை, சைலீன் என்ற பெயரும் படமும் இருந்தால் சரி. ரிஸ்க் அசெஸ்மென்ட் தாளில் மட்டும் இரண்டு கட்டத்திலும் ஒன்றையே நிரப்பாதீர்கள். "ஹசார்டு: தீ. ரிஸ்க்: தீப்பிடிக்கலாம்" என்று நிரப்பிய தாள்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்த அண்ணன் ஏறி வந்த சம்பவத்தை உங்கள் ரிஜிஸ்டரில் எப்படி எழுதினார்கள்? நியர் மிஸ் என்று எழுதியிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாமல் தப்பியதுதான் நியர் மிஸ். இங்கே ஒருவருக்குத் தலை சுற்றியிருக்கிறது, உடம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, அடிபட்டால்தான் பாதிப்பு என்றில்லை. இன்சிடென்ட் என்று எழுதி, டாக்டர் பார்த்தாரா என்பதையும் சேர்க்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் அதை விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம். உங்கள் இடத்தில் அப்படி நடக்காது என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கிலீஷ் கிளாஸ் சேர்வது உங்கள் இஷ்டம், வேறு நல்லதுக்கு உதவும். இதற்கு உதவாது. கான்வென்டில் படித்த இன்ஜினியர்கள் எல்இஎல் ஜீரோ பார்த்து ஆட்களை இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு இங்கிலீஷில் ஒரு குறையும் இல்லை. எம்எஸ்டிஎஸ்ஸில் பதினாறு பகுதிகள் இருக்கின்றன. எட்டாம் பகுதியில் இருப்பது மூச்சுக்கான எண்கள், ஒன்பதாம் பகுதியில் இருப்பது தீக்கான எண்கள். உங்கள் பிளாண்டில் அதிகம் புழங்கும் சால்வென்டுகளுக்கு மட்டும் இந்த இரண்டு பகுதியையும் திறந்து, ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: டிஎல்வி, எல்இஎல்லை பிபிஎம்மில், மீட்டர் 1 காட்டினால் எத்தனை பிபிஎம், ஃபிளாஷ் பாயிண்ட், ஆட்டோ இக்னிஷன். ஐடிஎல்எச் சில தாள்களில் இருக்காது, அமெரிக்காவின் நயாஷ் (NIOSH) நிறுவனத்தின் கையேடு இணையத்தில் இலவசம், அதில் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதி பெர்மிட் மேசைக்கு மேலே ஒட்டுங்கள், இறங்கும் ஆட்களும் படிக்கட்டும்.

நாளைக்கு ஷிப்டுக்குப் போனதும் அந்த மீட்டரின் காலிப்ரேஷன் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த காஸ் வைத்துச் செய்தார்கள் என்று அதில் இருக்கும். மீத்தேன் என்றால், மீட்டரோடு வந்த மேனுவலில் டொலுவீனுக்கு எதால் பெருக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள். மேனுவல் தொலைந்துவிட்டது என்று சொல்வார்கள். கம்பெனி சைட்டில் மாடல் நம்பரைப் போட்டால் கிடைத்துவிடும்.